மண்ணாகப் போவது

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து மூன்று நாள் கழித்துத்தான் ரெயின்போ நகரில் எங்கள் வீட்டுக்குள் நின்ற தண்ணீர் வடிந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு அடித்த புயல். ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. கதவைத் தள்ளித் திறந்தபோது கூடம் முழுக்க ஒரு விரற்கடை உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. மேலே வழுவழுவென்று கறுப்புக் களி, அடியில் நறநறவென்று மணல். ஓடி வருகிற தண்ணீர் கனமானதை முதலில் போடும், நின்ற பிறகு நுண்ணியதைப் போடும். ஆற்றங்கரையில் எத்தனையோ முறை பார்த்த ஒழுங்கு அது. அன்றைக்கு என் வீட்டுக் கூடத்தில், அம்மாவின் படத்துக்குக் கீழே பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எல்லாம் மண்ணாப் போச்சுக்கா!"

நான் தோசைத் திருப்பியை எடுத்து, பீரோ மூலையில் கலையாமல் கிடந்த ஒரு துண்டு வண்டலை அடுக்கு குலையாமல் வழித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டேன். தேதியும் இடமும் எழுதிச் சீட்டு ஒட்டினேன். 31 வருடப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மிச்சத்தை வாரி வெளியே கொட்டினோம்.

அவள் சொன்ன சொல் மனத்திலேயே கிடக்கிறது. மண்ணாய்ப் போவது என்றால் நம் பேச்சில் ஒன்றுமில்லாமல் போவது. திட்டுவதற்கும் அதுதான், தேறுதல் சொல்வதற்கும் அதுதான். யாக்கை நிலையாமை, செல்வம் நிலையாமை என்று சைவமும் சமணமும் பௌத்தமும் ஒத்த குரலில் நமக்குச் சொல்லித் தந்ததன் கடைசிப் படி, மண்ணோடு மண்ணாவது. நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன். ஆனால் மண்ணைச் சலித்தும் கழுவியும் அமிலத்தில் ஊறவைத்தும் பிழைப்பு நடத்தியவள் நான். இந்த ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மண் மாதிரிகளைப் பக்குவப்படுத்திக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. ஒன்றுமில்லாத மண் என்று ஒரு பை கூட என் கைக்கு வந்ததில்லை.

பிறந்தது காக்காயந்தோப்பு. நகரத்துக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர். அரியாங்குப்பம் ஆறு கடலைத் தேடி வளைகிற இடத்தில், மாமரமும் தென்னையுமாய் உயர்ந்து நிற்கிற கரை அரிக்கமேடு. பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். அருகன் மேடு என்பது ஒன்று. அருகன் என்ற பெயரால் சமணரும் பௌத்தரும் தங்கள் ஆசானை வணங்கினார்கள். ஆறு அரிக்கிற மேடு என்பது மற்றது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. கடவுளும் மண்ணரிப்பும் ஒரே சொல்லுக்குள் இருக்கிற ஊரில் பிறந்தேன் என்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

18ஆம் நூற்றாண்டில் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் இங்கே வந்தார். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க, ஊரை விட்டுக் கப்பலேறி, முதல் முறை 1761இல் வாய்ப்பைத் தவறவிட்டு, எட்டு வருடம் காத்திருந்தவர். 1769 ஜூன் 4ஆம் தேதி காலை புதுச்சேரி வானத்தில் மேகம் மறைத்துவிட்டது. அவர் வந்த காரியம் வானத்தில் போயிற்று. தரையில் பார்த்ததை எழுதி வைத்தார். வீராம்பட்டினத்துப் பக்கம் பழைய பெரிய செங்கற்கள் கிடப்பதையும், மணலில் பாதி புதைந்து யாரும் கவனிக்காமல் இருந்த புத்தர் சிலையையும் பற்றி அவர் எழுதியது இன்றும் பயன்படுகிறது. இடுப்பு வரை மணல் ஏறிய புத்தரைச் சின்ன வயதில் கேள்விப்பட்டபோது பாவமாக இருந்தது. இப்போது நினைத்தால், நிலையாமையைச் சொன்னவர் மேல் காற்றும் கடலும் அதையே செய்து காட்டியிருக்கின்றன என்று தோன்றுகிறது.

மழை விட்டதும் நாங்கள் பிள்ளைகள் மேட்டுக்கு ஓடுவோம். கழுவுண்ட மண்ணில் பாசி மணிகள் மின்னும். சிவப்பு, கறுப்பு, நீலம், கடுகளவு பச்சை. நூலில் கோத்துப் போட்டுக்கொள்வோம், வந்தவர்களுக்கு நாலணா எட்டணாவுக்கு விற்போம். எங்களுக்கு முந்தின தலைமுறைப் பிள்ளைகளும் இதைத்தான் செய்தார்கள். 1937இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆசிரியருக்கு அரிக்கமேட்டின் மேல் கவனம் திரும்பியதே ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த கற்களால்தான். அவற்றில் ஒரு மணிக்கல்லில் ஒரு தலை செதுக்கியிருந்தது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் என்று அவர் எண்ணினார்.

பொறுக்கியது தவறு என்று எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. மணி கிடந்த இடம், அதற்கு மேலே என்ன மண், கீழே என்ன மண், பக்கத்தில் கரியா சாம்பலா ஓடா என்பது தெரிந்தால்தான் அந்த மணி பேசும். என் கழுத்தில் ஏறியதும் அது ஊமையாகிவிட்டது. எத்தனை மணிகளின் வாயை அடைத்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

தாத்தா அந்த மேட்டில் மண் சுமந்தவர். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோதும், அடுத்து 1947 முதல் 1950 வரை முசே கசால் தோண்டியபோதும் கூலிக்குப் போனவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சதுரம் சதுரமாகக் குழி வெட்டி, இரண்டு குழிக்கு நடுவே வெட்டாத மண்சுவரை விட்டு, அந்தச் சுவரில் தெரிகிற ஒவ்வொரு அடுக்குக்கும் எண் எழுதிச் சீட்டுக் குத்துவார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பாப்பா, மண்வெட்டி சத்தம் மாறும். சத்தம் மாறுனா நிறுத்திடணும். மண்ணு மாறுதுன்னு அர்த்தம்" என்பார். பிற்காலத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் மண்ணடுக்கியல் என்று விளக்கியபோது, தாத்தாவின் காது சொன்னதைத்தான் அவர்கள் கண்ணால் சொன்னார்கள்.

அவர் சொன்ன இன்னொன்று அப்போது புரியவில்லை. "சுவரு இல்லாத எடத்துல சுவரு தெரிஞ்சுது."

அரிக்கமேட்டுச் செங்கல் நல்ல செங்கல். பிற்காலத்தில் வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரம் வரைக்கும் தோண்டி உருவிக்கொண்டு போனார்கள். செங்கல் போன பள்ளத்தில் மேல்மண் சரிந்து நிரம்பியது. சுற்றிலும் இறுகிய மண், நடுவில் பொலபொலவென்று வேறு நிறத்தில் ஒரு கோடு. குழி வெட்டிப் பார்த்தால் சுவர் ஓடிய திசை, அகலம், திருப்பம் எல்லாம் அப்படியே தெரியும். ஒரு செங்கல் கூட மிச்சமில்லை, சுவர் இருக்கிறது. மரத்தூண் நட்ட குழியும் அப்படித்தான். தூண் மக்கிப் போய்விடும், தூண் நின்ற வட்டம் போகாது.

மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளைச் சந்திக்கிற பகுதி ஒன்று உண்டு. அங்கே அளவைவாதி உண்மையை அறிகிற வழிகள் பத்து என்று அடுக்குகிறான். காட்சி, கருதல் என்று போகிற அந்த வரிசையில் அபாவமும் ஒன்று. ஒன்று இல்லை என்பதை அறிவதும் ஓர் அறிவு. மீமாம்சகர்களும் நியாய வைசேடிகர்களும் இதைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். மேசை மேல் குடம் இல்லை என்கிறபோது நான் பார்த்தது மேசையையா, இல்லாமையையா? புத்தகத்தில் படித்தால் வெறும் சொல் விளையாட்டு மாதிரி இருக்கும். செங்கல் உருவிய பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கரணையால் சுரண்டிப் பார்க்கிறவனுக்கு அது விளையாட்டாகத் தோன்றாது. இன்மைக்கு அங்கே அகலம் இருக்கிறது, ஆழம் இருக்கிறது, நிறம் இருக்கிறது. தாத்தா தர்க்கம் படித்தவரில்லை. அபாவத்தை மண்வெட்டியால் தொட்டவர்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை பெரும்பாலும் மகரந்தம் எடுப்பது. மண்ணை முதலில் காரத்தில் வேகவைக்க வேண்டும். பிறகு ஹைட்ரோபுளோரிக் அமிலம். அது கண்ணாடியையே தின்றுவிடும் என்பதால் பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் வைப்போம். மணல் கரையும், களி கரையும். மலையைக் கரைக்கிற அமிலத்தில் ஒரு பூவின் தூள் மட்டும் கரையாமல் நிற்கும். அதன் மேலோடு அவ்வளவு உறுதி. காற்றுப் புகாத சேற்றில் அகப்பட்டால் பல்லாயிரம் வருடம் அப்படியே இருக்கும். தேங்காய்த்திட்டு கழிமுகத்தில் இன்றும் நிற்கிற அலையாத்தி எங்கே எப்போது பரவியிருந்தது, கரையில் மனிதர் காட்டை வெட்டி நெல் போட்டது எப்போது என்பதையெல்லாம் இப்படித்தான் எண்ணிச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் இதற்காகவே வாழ்ந்தவர் தணிகைமணி. அலையாத்திக் காடுகளின் மகரந்தம் பற்றி அவர் செய்த பணி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 1986 செப்டம்பரில் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவர் இருந்தார். உயிரோடு திரும்பவில்லை. அந்த மகரந்தம் பற்றிய அவருடைய புத்தகம் அவர் போன பிறகு அச்சானது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே நடந்து முடிந்த கதை. ஆனாலும் கண்ணாடிச் சில்லில் ஒரு சுரபுன்னை மகரந்தத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவரை நினைத்துக்கொள்வேன்.

வெளியூர் ஆய்வாளர் ஒருவர் ஒரு நாள் வேறொரு கண்ணாடிச் சில்லைக் காட்டினார். பழைய வீட்டுத் தரையிலிருந்து ஒரு கட்டி மண்ணைக் குலையாமல் வெட்டி எடுத்து, பிசின் ஊற்றி இறுக்கி, வாளால் அறுத்து, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தேய்த்திருந்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கனம். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். கறுப்பு, பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று கோடு கோடாக ஓடியது. ஒவ்வொரு பழுப்புக் கோட்டிலும் புல்லின் சிலிக்காத் துணுக்குகள், ஆடு மாட்டுக் குடலில் உருவாகிற பொடிச் சுண்ணாம்பு உருண்டைகள். சாணம் மெழுகிய தரை. நடுவில் கறுப்புக் கோடு, காலில் மிதிபட்ட கரியும் தூசியும். மெழுகியிருக்கிறாள், புழங்கியிருக்கிறார்கள், மறுபடி மெழுகியிருக்கிறாள். துருக்கியில் சாத்தல்ஹோயூக் என்ற ஒன்பதாயிரம் வருடத்துக்கு முந்திய ஊரின் சுவர்களில் இதே மாதிரி நூற்றுக்கணக்கான பூச்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன.

காக்காயந்தோப்பில் எங்கள் வீட்டுத் தரையும் அப்படித்தான். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அம்மா வலது கையை விசிறி மாதிரி வீசி மெழுகிக்கொண்டே பின்னால் நகர்ந்து வருவாள். காய்ந்ததும் விரல் தடம் பிறைப் பிறையாகத் தெரியும். இரண்டு நாளில் எங்கள் கால் பட்டு அழிந்துவிடும். "எத்தனை மொழுவுனாலும் நிக்குதா பாரு" என்று சலித்துக்கொள்வாள். நின்றிருக்கிறதம்மா, எல்லாமே நின்றிருக்கிறது என்று அந்த நுண்ணோக்கியின் மேலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லிக்கொண்டேன். ஆய்வாளர் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, அமில வாடை கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டார்.

மனிதன் புழங்கிய இடத்தில் பாஸ்பேட் கூடும். சோறு, எலும்பு, மீன் முள், சாணம், மூத்திரம், சாம்பல் எல்லாம் சேர்ந்து மண்ணில் இறங்கும். சுண்ணாம்போடும் இரும்போடும் பிணைந்துகொண்டு மழைக்கும் எளிதில் கரையாது. ஸ்வீடன் நாட்டில் ஓலோஃப் அர்ரேனியஸ் என்ற வேளாண் விஞ்ஞானி, சர்க்கரைக் கிழங்கு விளைகிற வயல்களுக்காக மண்ணைச் சோதித்துக்கொண்டு போனபோது, பாஸ்பேட் கூடின இடங்களில் எல்லாம் பழைய குடியிருப்புகள் இருந்ததைக் கண்டார். 1920களின் கடைசியில் நடந்தது. தீயும் அப்படியே. அடுப்பெரிந்த இடத்து மண்ணில் இரும்புச் சத்து மாறி, காந்தத்துக்கு அதிகமாக இழுபடும். பல நூறு வருடம் கழித்துக் கருவியைக் காட்டினால் அடுப்பு எங்கே இருந்தது என்று சொல்லிவிடும்.

சாம்பல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரத்தில் ஒரு சாம்பல் மேடு உண்டு. வாலியை எரித்த சாம்பல் என்று மக்கள் நம்புகிறார்கள். தக்காணம் முழுக்க இப்படிப்பட்ட மேடுகள் இருக்கின்றன. அரக்கர் சாம்பல் என்று சொல்கிற ஊர்களும் உண்டு. 1957இல் ஆல்ச்சின் என்ற ஆய்வாளர் தெலங்கானாவின் உத்நூரில் ஒரு மேட்டை வெட்டினார். கற்கால மனிதர் மாடு அடைத்த பட்டி அது. சேர்ந்த சாணத்தைத் திரும்பத் திரும்பக் கொளுத்தியதால் வந்த சாம்பல். அடுக்குகளுக்கு நடுவே மாட்டுக் குளம்பின் தடங்கள் பதிந்திருந்தன. நான்காயிரம் வருடத்துக்கு முந்திய குளம்பு.

இதைக் கேட்டபோது வாலியின் கதை பொய்த்துப் போனதாக எனக்குப் படவில்லை. அன்று காலையில் நெற்றியில் பூசியிருந்தது என்ன? பசுஞ்சாணத்தை உருண்டை பிடித்து, உமி போட்டு எரித்த நீறு. பெரிய வீரனின் சாம்பல் என்று ஊர் கும்பிட்ட மேட்டில் நான் பூசுகிற திருநீறே இருந்திருக்கிறது. மக்கள் கும்பிட்டது தவறான பெயரை, சரியான பொருளை.

இங்கேதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி வருகிறது. செய்தவள் போய்விட்டாள், செய்தது இருக்கிறது. அப்படியானால் அது யாருடையது?

அம்மாவைக் கேட்டால் ஒரு நொடியில் பதில் சொல்லியிருப்பாள். வினை சடம், அதற்கு அறிவு கிடையாது. செய்தவனைத் தேடிக்கொண்டு அது தானாகப் போய்ச் சேராது. சேர்த்து வைக்க ஒருவன் வேண்டும், அவன்தான் சிவன். இது கோயில் திண்ணையில் ஓதுவார் அவளுக்குச் சொன்ன சித்தாந்தம். கணக்கு அவன் கையில் என்று முடிப்பாள். மணலில் பாதி புதைந்த புத்தரைக் கேட்டால் வேறு சொல்வார். செயல் நிகழ்கிறது, பயன் நிகழ்கிறது, ஒன்று மற்றொன்றைச் சார்ந்து தோன்றுகிறது. நடுவில் மாறாத ஒருவனை எங்கே தேடினாலும் அகப்பட மாட்டான்.

மண்ணைப் பார்த்தால் புத்தர் சொன்னது மாதிரிதான் இருக்கிறது. அந்தத் தரைத் துண்டில் மெழுகியது இருந்தது, மெழுகியவள் இல்லை. சித்தாந்திகள் மும்மலம் என்கிறார்கள். மாயையாகிய மண்ணில் கன்மம் படிகிறது, நான் என்கிற ஆணவம் மட்டும் படிவதே இல்லை. பெயர் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது. அரிக்கமேட்டிலும் பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்துகள் உண்டு. கீழடியில் ஆதன், குவிரன் ஆதன் என்றெல்லாம் கீறியிருக்கிறார்கள். அந்த ஊரில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 580 என்று சொன்னபோது ஊரே கொண்டாடியது, நானும் இனிப்பு வாங்கினேன். ஆனால் குவிரன் ஆதனைப் பற்றி அந்தப் பெயருக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. பெயரே விடாமல் போன அந்தத் தரைக்காரி எந்த அகலத்தில் கையை வீசினாள் என்பது கூட எனக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. அவள்தான் எனக்கு நெருக்கம்.

ஆனால் ஓரிடத்தில் மண் என்னைக் கைவிடுகிறது. பொங்கலுக்கு மூட்டிய அடுப்பும், பகைவன் கொளுத்திய வீடும் காந்தக் கருவியில் ஒரே மாதிரி எழும்பும். பசிக்குச் சமைத்த எலும்பும் கொலையுண்டவன் எலும்பும் ஒரே பாஸ்பேட். மண்ணில் வினை இருக்கிறது, அது நல்வினையா தீவினையா என்பது இல்லை. எவ்வளவு நுண்ணிய கருவி வந்தாலும் அது அகப்படப் போவதில்லை. அந்த வித்தியாசம் எங்கேயும் தங்கவில்லை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. எரித்தவனும் சமைத்தவளும் கடைசியில் ஒன்று என்றால், 31 வருடம் அந்தச் சாம்பலை நான் மரியாதையோடு எடுத்து வைத்ததற்குப் பொருளில்லை. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் அம்மா பக்கம் நிற்கிறேன். மண் எனக்கு எந்த நிரூபணமும் தரவில்லை. தினமும் நீறு பூசுகிறேன்.

செய்ததற்கு வேறொருவர் பெயரை எழுதுவதும் நடக்கும். அரிக்கமேட்டில் கிடைத்த தட்டுகளின் உள்பக்கம் பல்சக்கரம் உருட்டின மாதிரி வட்ட வட்டமாகப் புள்ளிக் கோடு இருக்கும். ரௌலட்டட் ஓடு என்பார்கள். வீலர் அதை ரோமானியத் தொழில் முறையின் சாயல் என்று கொண்டார். கூடவே கிடைத்த இத்தாலிய ஓடுகளை வைத்து அதற்குக் காலமும் குறித்தார். இந்தோ ரோமானிய வணிகத் தலம் என்றே அறிக்கைக்குப் பெயர் வைத்தார். நாங்களும் பெருமையோடு ரோம், ரோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டியபோது, ரோமானியர் வருவதற்கு முன்பே ஊர் இருந்தது தெளிவாயிற்று. புனே டெக்கன் கல்லூரியின் கோக்டே 1997இல் ஓட்டின் களிமண்ணையே எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார். அந்தக் களிமண் வங்காளத்துச் சந்திரகேதுகர், தாம்லுக் பக்கத்து மண்ணோடு ஒத்துப்போயிற்று. அதே வகை ஓடு பாலித் தீவின் செம்பிரான் வரைக்கும் போயிருக்கிறது. தட்டின் உருவம் எந்த ஊரையும் சொல்லலாம், களிமண் தன் ஆற்றைத்தான் சொல்லும்.

ஆட்கள் போட்ட பெயரை மண் மதிக்காது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாததில்லை. நடுவில் ஓடுகிற பெரிய வாய்க்காலின் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரித்துத்தான் புதுச்சேரியைக் கட்டினார்கள். வாய்க்கால் தூர் வாருகிற நாளில் போய் நின்று பாருங்கள். இரண்டு பக்கத்துச் சாக்கடையும் சாம்பலும் மீன் முள்ளும் ஒரே வண்டலாக வெளியே வரும்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும், மணலின் வெளிச்சம் பற்றி. வெயிலில் கிடக்கிற மணல் துகளுக்குள் எதுவும் சேராது. அது புதைந்ததும், சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் சேரத் தொடங்கும். இருட்டிலேயே இரும்புக் குழாயை அடித்து இறக்கி மண்ணை எடுத்து, மங்கின சிவப்பு விளக்கு மட்டும் எரிகிற அறையில் வைத்து, அதன் மேல் ஒளியைப் பாய்ச்சினால் துகள் பதிலுக்கு ஒரு கணம் ஒளிரும். அந்த ஒளியின் அளவிலிருந்து, அது கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கிடுவார்கள். திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் இந்த முறையில்தான் அங்கே கற்கருவி செய்த ஒரு புது முறை 3,85,000 வருடம் பழையது என்று 2018இல் காட்டினார்கள். அதற்கும் கீழே, வேறு முறைகளால் கணித்த அடுக்கு 15 லட்சம் வருடம்.

அந்தத் துகள் ஒரு முறைதான் சொல்லும். ஒளிர்ந்த பிறகு அதற்குள் எதுவும் இருக்காது. பார்ப்பதற்கு முன் இருந்தது, பார்த்த பின் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழாயை வெளிச்சத்தில் திறந்துவிட்டேன். என்ன எடுத்து வந்தார்களோ அது ஒரு கண் இமைப்பில் போயிற்று. யாரும் திட்டவில்லை. அன்றைக்கு இரவு சாப்பிட முடியவில்லை. ஆயிரக்கணக்கான வருடம் இருட்டில் வைத்திருந்ததை என் அவசரம் அழித்துவிட்டது.

புயலுக்குப் பிறகு தை மாதத்தில் காக்காயந்தோப்புக்குப் போனேன். அம்மா வாழ்ந்த வீடு கூரை வீடு, விழுந்து இருபது வருடம் ஆகிறது. மனை தம்பியிடம். அம்மாவை எரித்து, காடாற்றி, சாம்பலை வீராம்பட்டினத்துக் கடலில் கரைத்தோம். அவள் இந்த மனையில் எங்கேயும் இல்லை என்று சாஸ்திரப்படி உறுதி செய்துவிட்டோம். தம்பி மகள் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். எட்டுத் தென்னை. புயலில் இரண்டு சாய்ந்துவிட்டன, மற்றவை மட்டை பழுத்து நின்றன. அடுப்படி இருந்த மூலையில், பாத்திரம் கழுவி மீன் கழுவிச் சாம்பல் கொட்டின இடத்தில், ஒன்று மட்டும் கரும்பச்சையாய்க் குலை தள்ளியிருந்தது.

"இதுக்கு மட்டும் தனியா உரம் வைக்கிறியா?"

"இல்லயே அத்தை. எல்லாத்துக்கும் ஒண்ணுதான். இது அப்படித்தான் எப்பவும் காய்க்கும்."

பையில் கரணை இருந்தது. சீட்டும் பேனாவும் இருந்தன. அரை அடி தோண்டி ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய்ப் பழைய கூட்டாளிகளிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் எண் வந்துவிடும். பையைத் திறந்தேன். மூடிவிட்டேன். மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தம்பி மகள் நாலு காய் பறித்துப் போட்டாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, மறுநாள் காலையில் ஒன்றை உடைத்துத் துவையல் அரைத்தேன். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.